திரையின் இடது ஓரம்

நீ தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பாய் என்று தெரிந்தேதான் இதைத் தமிழில் எழுதுகிறேன். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் ஒரு மீட்டிங்குக்கும் இன்னொரு மீட்டிங்குக்கும் நடுவில் கண்ணை ஓட்டிவிட்டு, கட்டை விரலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போய்விடுவாய். இது தாள். இதில் எழுத்தைப் பெரிதாக்க முடியாது, பின்னணியை மஞ்சளாக்க முடியாது. உன் வேகத்துக்கு ஒரு பக்கம் படிக்கப் பத்து நிமிஷமாவது ஆகும். சேர்ந்தாற்போல் பத்து நிமிஷம் நீ எனக்காக உட்கார்ந்து ரொம்ப நாளாகிறது, அதை இப்படியாவது வாங்கிக்கொள்கிறேன். வரிகள் கோணலாகப் போயிருந்தால் பொறுத்துக்கொள். ஏன் கோணல் என்பதையும் சேர்த்துத்தான் சொல்லப்போகிறேன்.

இன்னும் பதினைந்து நாளில் நீ டொராண்டோவுக்குப் போகிறாய். இரண்டு வருஷம் என்று சொல்கிறாய். போகட்டும், நல்ல வேலை, நல்ல ஊர் என்கிறார்கள், அதில் எனக்கு வருத்தம் இல்லை. வருத்தம் முந்தாநாள் நீ அனுப்பிய செய்தியில்தான். "கவலைப்படாதேம்மா, அங்கே இருந்தும் உன் கம்ப்யூட்டருக்குள்ள வர முடியும். புது வெர்ஷன் போட்டுட்டேன். எதுவும் மாறாது." இதை நான் மூன்று முறை படித்தேன். மாறாது என்பது உண்மைதான். நீ டொராண்டோவில் இருப்பதற்கும் நியூ டவுனில் பதினேழாவது மாடியில் இருப்பதற்கும் எனக்கு என்ன வித்தியாசம்? நியூ டவுனிலிருந்து டாலிகஞ்சில் நம் வீட்டுக்கு வண்டி பிடித்தால் ஒன்றரை மணி நேரம். என் திரைக்குள் வர உனக்கு இரண்டு நிமிஷம். நீ எதைத் தேர்ந்தெடுத்தாய் என்று உனக்கே தெரியும்.

ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன், ஏனென்றால் நீ உன் நினைவில் வைத்திருக்கும் கதை வேறாக இருக்கலாம். உன் அப்பா போன பிறகு வீட்டில் சும்மா உட்காரப் பிடிக்காமல் நான் அந்த சப்டைட்டில் வேலையை எடுத்துக்கொண்டேன். வங்காள சீரியல்களுக்குத் தமிழில் வரி எழுதும் வேலை. பாலிகஞ்சில் பிறந்து வளர்ந்து வங்காளத்தில் படித்தவளுக்கு, வீட்டில் தமிழ் பேசியவளுக்கு, இதைவிடப் பொருத்தமான வேலை என்ன இருக்கிறது? ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம், சில நாள் எட்டு. உன் ஆபீஸில் கழித்துப்போட்ட மானிட்டரை நீதான் கொண்டுவந்து வைத்தாய். அதன் பட்டன்கள் எல்லாம் உள்ளே போய்விட்டிருந்தன. வெளிச்சத்தைக் கூட்டவோ குறைக்கவோ வழியில்லை. வெள்ளைத் திரை கண்ணைக் குத்துகிறது என்று சொன்னேன். "அதுக்கு சாஃப்ட்வேர் இருக்கும்மா" என்றாய்.

அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. சாப்பாடு முடிந்து நீ போன் செய்தாய். "ஐடி நம்பர் சொல்லு" என்றாய். திரையில் இருந்த ஒன்பது எண்களை வாசித்தேன். கொஞ்ச நேரத்தில் என் கை படாமலேயே அம்புக்குறி நகர்ந்தது. இங்கே போயிற்று, அங்கே போயிற்று, எதையோ திறந்தது, மூடியது. நான் டீயைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன். வெளிச்சத்துக்கு ஒரு ஸ்லைடர், நிறத்துக்கு ஒரு ஸ்லைடர். சூரியன் மறையும் நேரத்தில் திரை தானாகவே பழுப்பாக மாறும்படி வைத்தாய். இருபது நிமிஷத்துக்கு ஒரு முறை, கொஞ்சம் ஜன்னலுக்கு வெளியே பாருங்கள் என்று ஒரு பெட்டி வந்து நிற்கும்படி செய்தாய். எனக்காக மூன்று அமைப்புகளைச் செய்து அவற்றுக்குப் பெயர் வைத்தாய்: அம்மா காலை, அம்மா மாலை, அம்மா மழை. மழை நாளில் நம் முன்னறை இருட்டிப்போகும் என்பது உனக்கு நினைவிருந்திருக்கிறது. போனை வைத்த பிறகு அந்த மூன்றாவது பெயரைப் பார்த்து நான் அழுதேன். இதை உன்னிடம் சொன்னதில்லை. இந்தக் கடிதம் முழுக்கத் திட்டத்தான் போகிறேன், அதனால் இதையும் சேர்த்து எழுதிவிடுகிறேன்.

அன்றைக்குத் தொடங்கியது என் தப்பு. நீ அந்த வருஷம் வீட்டுக்கு வந்தது இரண்டே முறை. துர்கா பூஜோவில் அஷ்டமி அன்று ஒரு மத்தியானம், அப்பாவின் திதிக்கு ஒரு காலை. ஆனால் கண் கூசுகிறது என்று நான் சொன்னால் ஞாயிற்றுக்கிழமை அம்புக்குறி வரும். அரை மணி நேரம் நீ என் மேஜையில் இருப்பாய். "இது சரியா? இப்ப பாரு. இப்ப?" என்று கேட்பாய். நடுவில் என்ன சமைத்தேன் என்று கேட்பாய். எனக்கு அது போதுமாக இருந்தது. மூன்றாவது மாதம் அந்த ஸ்லைடரை நானே நகர்த்தக் கற்றுக்கொண்டுவிட்டேன். கற்றுக்கொண்டதும் நான் என்ன செய்தேன் தெரியுமா? சனிக்கிழமை சாயங்காலம் அதை வேண்டுமென்றே கெடுத்து வைப்பேன். ஞாயிறு காலையில் போன் செய்து, "என்னமோ ஆயிடுச்சுடா, ஒண்ணும் சரியா தெரியல" என்பேன். அறுபத்து மூன்று வயதுப் பெண்பிள்ளை செய்கிற காரியமா இது என்று நீ கேட்கலாம். நானே கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

அப்புறம் நீ கண்டுபிடித்தாய். எந்த நேரத்தில் யார் மாற்றினார்கள் என்று அதற்குள் பதிவாகியிருக்குமாம். "அம்மா, நீயே மாத்திட்டு நீயே கம்ப்ளெய்ண்ட் பண்றியா?" என்று சிரித்தாய். கோபப்பட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. ஏன் மாற்றினேன் என்று நீ கேட்கவில்லை. ஒரு தாய் தன் மானிட்டரைத் தானே கெடுத்துவிட்டு மகனைக் கூப்பிட்டால் அதற்கு என்ன காரணம் இருக்கும் என்று யோசிக்க உனக்கு என்ன படிப்பு வேண்டும்? நீ சிரித்தாய், நானும் அசடு வழியச் சிரித்து வைத்தேன். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. உன் மனசில் மட்டும் ஒன்று பதிந்துவிட்டது: அம்மா சொல்வதில் பாதி சும்மா.

அதற்குப் பிறகுதான் நிஜமாகவே ஒன்று நடக்க ஆரம்பித்தது. திரையின் இடது ஓரம் புகை படிந்த மாதிரி மங்கலாகத் தெரிந்தது. வங்காள வசனம் இடது பக்கத்தில் இருக்கும், நான் வலது பக்கத்தில் தமிழ் எழுதுவேன். வரிகளை விட்டுவிட்டு எழுத ஆரம்பித்தேன். ஸ்டுடியோவிலிருந்து கூப்பிட்டு, "தீதி, இந்த எபிசோடில் மாமியார் பேசும் இடமெல்லாம் காணோமே" என்றார்கள். மாமியார் பேசாவிட்டால் சீரியலுக்கே ஒன்றும் குறையாது என்று ஜோக்கடித்துச் சமாளித்தேன். உன்னிடம் சொன்னேன். "மறுபடியும் நீயே எதையாவது மாத்தியிருப்ப" என்றாய். இல்லையடா, இடது பக்கம் மட்டும் மங்குகிறது என்றேன். "அப்ப பேக்லைட் போயிருக்கும். பழைய மானிட்டர்தானே. புதுசு அனுப்பறேன்" என்றாய். இரண்டு நாளில் பெட்டி வந்துவிட்டது. மேஜை கொள்ளாத அளவுக்குப் பெரிசு. கொரியர்காரரே மேலே தூக்கிவந்து வைத்துவிட்டுப் போனார்.

புது மானிட்டரிலும் இடது ஓரம் மங்கலாகத்தான் இருந்தது.

இந்த இடத்தில் நின்று நிதானமாகப் படி. இரண்டு மானிட்டரில் ஒரே ஓரம் மங்கினால் கோளாறு மானிட்டரில் இல்லை. இதைப் புரிந்துகொள்ளப் பெரிய அறிவு தேவையில்லை. எனக்கு அது அன்றே புரிந்தது. ஆனால் நீ "எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டபோது, "பிரமாதமா இருக்குடா" என்றேன். அவ்வளவு பெரிய பொருளை அனுப்பியிருக்கிறாய், திரும்பவும் குறை சொன்னால் இவளுக்கு இதே வேலை என்று நினைப்பாயே என்ற கூச்சம். கீழ்வீட்டு மிதாலி பௌதி அப்போதே, "கண் டாக்டரிடம் போகலாம், நானும் வருகிறேன்" என்றாள். என்னைவிட ஐந்து வயது மூத்தவள், பௌதி என்று கூப்பிடுவதற்கேற்பச் சொந்த அண்ணி மாதிரி எப்போதும் நம் வீட்டு நல்லது கெட்டதுக்கு முதலில் வருபவள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "டாக்டர் எதுக்கு, என் பையன் எல்லாம் செட் பண்ணிக் குடுத்திருக்கான்" என்றேன். பெருமையாகச் சொன்னேன். அவள் மகன் ஹௌராவில் மளிகைக்கடை வைத்திருக்கிறான், அவனுக்கு இதெல்லாம் தெரியாது என்ற எண்ணமும் அந்தப் பெருமைக்குள் இருந்தது. அந்த மளிகைக்கடைக்காரன் வாரம் தவறாமல் அம்மாவைப் பார்க்க வருகிறான்.

எட்டு மாதம் அப்படியே ஓட்டினேன். டம்ளரை மேஜையில் வைப்பதாக நினைத்துக் கீழே வைத்தேன். கதவு நிலையில் தோளை இடித்துக்கொண்டேன். வயசாகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன், நீ வெளிச்சத்தை ஒருமுறை ஐந்து புள்ளி கூட்டினாய், ஒருமுறை பத்து புள்ளி குறைத்தாய். போன மாதம் மெட்ரோ ஸ்டேஷன் வாசலில் ரோட்டைக் கடக்கும்போது இடது பக்கத்திலிருந்து வந்த ஆட்டோ என் புடவையை உரசிக்கொண்டு நின்றது. அந்த ஆட்டோக்காரன் தலையை வெளியே நீட்டி, "மாஷிமா, சோகே தேக்தே பான் நா?" என்றான். கண் தெரியவில்லையா என்று வங்காளத்தில் கத்தினான். எத்தனையோ பேரை எத்தனையோ ஆட்டோக்காரர்கள் திட்டும் வசனம்தான் அது. ஆனால் அவ்வளவு நாளில் திரையை விட்டுவிட்டு என் கண்ணைப் பற்றிப் பேசிய இரண்டாவது ஆள் அவன். முதல் ஆள் மிதாலி. மறுநாள் காலையில் அவளே என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

கண் ஆஸ்பத்திரியில் ஒரு வெள்ளைக் கிண்ணம் மாதிரிக் கருவிக்குள் முகத்தை வைக்கச் சொன்னார்கள். நடுவில் இருக்கும் புள்ளியையே பார்க்க வேண்டும், எங்காவது சின்ன விளக்கு மின்னினால் கையிலிருக்கும் பொத்தானை அழுத்த வேண்டும். ஒரு கண்ணை மூடிவிட்டு ஒரு கண், அப்புறம் அடுத்தது. நான் கெட்டிக்காரியாக ஒவ்வொரு விளக்குக்கும் அழுத்தினேன். இடையிடையே நீண்ட நேரம் ஒன்றும் வரவில்லை, மெஷின் மெதுவாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அப்புறம் அந்த டாக்டர் அம்மா ஒரு தாளைக் காட்டினார். இடது கண்ணுக்கான வட்டத்தில் பெரும்பகுதி கறுப்பு. வலது கண்ணிலும் மூக்குப் பக்கமாகக் கறுப்பு ஏற ஆரம்பித்திருந்தது. அவ்வளவு இடத்திலும் விளக்கு மின்னிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. எனக்குத்தான் அது தெரியவில்லை, தெரியவில்லை என்பதும் தெரியவில்லை. கிளாக்கோமா என்றார். கண்ணுக்குள் அழுத்தம் கூடி நரம்பைத் தின்றிருக்கிறது. போனது திரும்பாது, மீதியைக் காப்பாற்றத் தினமும் சொட்டு மருந்து விட வேண்டும். "இவ்வளவு நாள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்?" என்று கேட்டார். திரை வெளிச்சத்தைக் குறைத்துக்கொண்டிருந்தோம் என்றேன். அவர் சிரிக்கவில்லை. "அது நல்ல பழக்கம்தான், கண் களைப்புக்கு உதவும். ஆனால் உங்களுக்குக் களைப்பு இல்லையே" என்றார்.

அதனால் அந்த சாஃப்ட்வேர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அது சொன்ன வேலையைச் செய்தது. நீயும் நானும்தான் செய்யவில்லை.

உனக்கு இந்தப் புத்தி எங்கிருந்து வந்தது என்று இந்த ஒரு மாதமாக யோசித்துப் பார்த்தேன். என்னிடமிருந்துதான் வந்தது. நீ ஐந்தாம் வகுப்பில் இருந்தபோது, கரும்பலகையில் இருப்பதைத் தப்பும் தவறுமாக எழுதுகிறான் என்று டைரியில் குறிப்பு வந்தது. நான் பள்ளிக்கூடம் போய் உன் மிஸ்ஸிடம் பேசி உன்னை முதல் பெஞ்சில் உட்கார வைத்தேன். வீட்டில் கணக்குகளை ஸ்கெட்ச் பேனாவால் கொட்டை கொட்டையாக எழுதிக் கொடுத்தேன். பந்து பிடிக்க வரவில்லை என்றதும் கிரிக்கெட்டை நிறுத்தினேன். இந்த வயதில் சோடாபுட்டிக் கண்ணாடி போட்டால் நாலு பேர் என்ன சொல்வார்கள் என்ற பயம் எனக்கு. ஒரு வருஷம் அப்படி ஓட்டினேன். கடைசியில் உன் அப்பாதான் லீவில் இருந்த ஒரு நாள், பஸ் ஸ்டாப்பில் நின்று வருகிற பஸ் என்ன நம்பர் என்று உன்னைக் கேட்டார். "எந்த பஸ்?" என்று கேட்டாயாம். அன்றைக்கே உன்னை டாக்டரிடம் கூட்டிப்போனார். கண்ணாடி வாங்கிய அன்று கரியாஹாட்டிலிருந்து வீடு வரும்வரை ஒவ்வொரு கடைப் பலகையையும் நீ சத்தமாகப் படித்துக்கொண்டே வந்தாய். மிட்டாய்க்கடை, செருப்புக்கடை, ஹோமியோபதி மருந்துக்கடை. நான் உன் கையைப் பிடித்துக்கொண்டு கூடவே வந்தேன். அந்தப் பலகைகள் அந்த வருஷம் முழுக்க அங்கேயேதான் இருந்தன. உன்னிடம் நான் மன்னிப்புக் கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன். பையனின் கண்ணைப் பார்க்காமல் பெஞ்சை மாற்றினேன், நீ என் கண்ணைப் பார்க்காமல் திரையை மாற்றினாய்.

ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது, அதையும் சொல்லாமல் விடமாட்டேன். தப்பு தெரிந்த அன்று நான் உன் கூட நடந்து வந்தேன். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று உனக்குப் போன் செய்து சொன்னேன். "ஏம்மா முன்னாடியே சொல்லல?" என்றாய். சொன்னது எத்தனை ஞாயிற்றுக்கிழமை என்று உன்னுடைய பதிவுகளைத் திறந்து பார். "இந்த வாரம் ஹேண்ட்ஓவர் இருக்கு, முடிஞ்சதும் வர்றேன்" என்றாய். அன்று சாயங்காலமே எழுத்தைப் படித்துக்காட்டும் ஒரு செயலியை அனுப்பினாய், கூடவே கறுப்புப் பின்னணியில் மஞ்சள் எழுத்து வருகிற மாதிரி நான்காவது அமைப்பு ஒன்று. அதற்கு என்ன பெயர் வைத்திருக்கிறாய் என்று நான் பார்க்கவில்லை. உன் முந்தாநாள் செய்தியைப் பார்த்த பிறகு, நேற்று மிதாலியைக் கூப்பிட்டு, நீ உள்ளே வருகிற அந்த சாஃப்ட்வேரை அப்படியே அழித்துவிடச் சொன்னேன். அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது, இரண்டு கிழவிகளும் சேர்ந்து ஒரு மணி நேரம் மல்லுக்கட்டி எடுத்துவிட்டோம். இனி என் மேஜையில் அம்புக்குறி தானாக நகராது. நீ வந்தால் காலால் நடந்து வர வேண்டும், பெல் அடிக்க வேண்டும்.

சப்டைட்டில் வேலையையும் விட்டுவிட்டேன். அந்த மாமியார்கள் இனி வேறு யார் தமிழிலாவது பேசட்டும். அந்த வேலை எனக்கு எவ்வளவு பிடித்திருந்தது என்று உனக்குத் தெரியாது, நீ கேட்டதும் இல்லை. எட்டு மாதத்துக்கு முன்னால் போயிருந்தால் இன்றும் அதைச் செய்துகொண்டிருப்பேன் என்று டாக்டர் சொல்லவில்லை. அவர் நாகரிகமானவர். அந்தத் தாளைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மடித்து வைத்தார்.

இனி நான் உண்மையில் எழுத உட்கார்ந்த விஷயம். அன்று போனில் என்னைச் சமாதானப்படுத்துவதற்காக நீ ஒன்று சொன்னாய். "எனக்கும் சாயங்காலம் ஆனா கண்ணு வலிக்குதும்மா, தலை கனக்குது. நானும் உன்னை மாதிரி டிம் பண்ணி வெச்சுதான் ஓட்டறேன்." சாதாரணமாகத்தான் சொன்னாய். அது வெறும் களைப்பாகவே இருக்கலாம். ஆனால் டாக்டர் என்னிடம் கேட்ட கடைசிக் கேள்வி, பிள்ளைகள் எத்தனை பேர் என்பது. ஒரே பையன் என்றேன். இது குடும்பத்தில் இறங்கி வரும், வலியோ அறிகுறியோ இல்லாமலே வரும், அவரை உடனே பரிசோதனைக்கு வரச் சொல்லுங்கள் என்றார். இப்போது கண்டுபிடித்தால் சொட்டு மருந்திலேயே நிறுத்திவிடலாமாம். உனக்கு நான் விட்டுப்போகிற சொத்து இந்த ஃபிளாட் ஒன்றுதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இதையும் விட்டுப்போகிறேனோ என்று தெரியாமல் இந்த ஒரு மாதமாக நான் சரியாகத் தூங்கவில்லை. உன் மேல் எனக்கு இருக்கும் கோபம் அப்படியே இருக்கட்டும், அதை நான் சாகும்வரை வைத்துக்கொள்வேன். உன் கண்ணுக்கு ஒன்றும் ஆகக்கூடாது.

அதனால் ஞாயிற்றுக்கிழமை விருந்துக்கு வருகிறேன் என்றாயே, அது வேண்டாம். நான் சமைக்கப் போவதில்லை. சனிக்கிழமை காலை பத்து மணிக்கு அதே டாக்டரிடம் உன் பெயரில் நேரம் வாங்கியிருக்கிறேன். மீட்டிங் இருக்கிறது, பேக்கிங் இருக்கிறது என்று எதுவும் சொல்லாதே. லேப்டாப்பைக் கொண்டுவராதே. கண்ணில் மருந்து விட்டுக் கண்மணியை விரிப்பார்கள், மூன்று நான்கு மணி நேரம் உனக்கு எதுவும் சரியாகத் தெரியாது, வெயில் தாங்காது, வண்டி ஓட்டக்கூடாது. கூட ஒரு ஆள் இருந்தால்தான் அனுப்புவோம் என்கிறார்கள். நான் வருகிறேன். முடிந்ததும் உன்னைக் கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டி வருகிறேன், இந்த ஊர் ரோட்டில் நம் இரண்டு பேருக்கும் சேர்த்து இருக்கிற கண்ணை வைத்துக்கொண்டு எப்படியாவது வந்து சேருவோம். என் வலது பக்கமாக நட. இடது பக்கம் நின்றால் நீ வந்ததே எனக்குத் தெரியாது.

அம்மா